படம் ஓடினால் தீம் பார்க்கும் ஓடுமா? வகுப்பில் திரும்பத் திரும்ப வரும் கேள்விகள்

நிலாவெளி, உப்புவெளிப் பக்கம் ஹோட்டல் வேலைக்குப் போக ஆயத்தமாகும் பிள்ளைகளுக்கு நான் சுற்றுலாத்துறை பாடம் எடுக்கிறேன். அவதார் படத்தை வைத்து அமெரிக்காவில் கட்டிய பண்டோரா என்ற இடத்தைப் பற்றிப் பாடத்தில் சொல்லத் தொடங்கியதிலிருந்து, ஒவ்வொரு தொகுதி மாணவரும் கிட்டத்தட்ட ஒரே சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள். லீவுக்கு ஊருக்கு வரும் கனடா, லண்டன் உறவினர்களும் அதையே கேட்கிறார்கள். அவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை எழுதி, கீழே பதில் தந்திருக்கிறேன்.

“சேர், தீம் பார்க்கில லேண்ட் எண்டா என்ன? ஒரு ரைட்டுக்கு இவ்வளவு கதையா?”

ரைட் என்பது ஏறி இறங்கும் ஒரு விளையாட்டு. லேண்ட் என்பது பார்க்குக்குள் இருக்கும் ஒரு முழு வட்டாரம். அங்கே இரண்டு மூன்று ரைட் இருக்கும். அவற்றைச் சுற்றியுள்ள பாறை, மரம், கடை, சாப்பாடு, காதில் விழும் சத்தம், வேலை செய்பவர்களின் உடுப்பு என்று எல்லாமே ஒரே உலகத்தைச் சேர்ந்ததாக இருக்கும். உள்ளே நுழைந்தால் பார்க்கின் மற்றப் பக்கம் கண்ணில் படக்கூடாது என்று பார்த்துப் பார்த்துக் கட்டுவார்கள்.

பண்டோரா, புளோரிடாவிலுள்ள டிஸ்னியின் அனிமல் கிங்டம் என்ற பார்க்குக்குள் இருக்கிறது. சுமார் 12 ஏக்கர். 2017 மே 27ஆம் திகதி திறந்தார்கள்.

“அவதார் தானே உலகத்திலேயே கூட வசூலிச்ச படம். அப்ப இதில யோசிக்க என்ன இருக்கு?”

யோசிக்க நிறையவே இருக்கிறது. 2009 டிசம்பரில் வந்த அந்தப் படம், மறுபடி மறுபடி திரையிட்டதையும் சேர்த்தால், 290 கோடி டொலருக்கு மேல் வசூலித்தது. ஆனால் வசூல் என்பது ஆட்கள் ஒரு தடவையோ இரண்டு தடவையோ கொடுத்த டிக்கெட் காசின் கூட்டுத்தொகை. லேண்ட் ஒன்றைக் கட்டினால் அது இருபது, முப்பது வருடம் நிற்க வேண்டும். படம் வந்தபோது பிறந்தேயிராத பிள்ளை வந்து நிற்கும். அந்தப் பிள்ளைக்கு வசூல் கணக்கால் ஒரு பயனும் இல்லை.

டிஸ்னி இந்த ஒப்பந்தத்தை அறிவித்தது 2011 செப்டெம்பரில். அப்போது அவதாரில் ஒரே ஒரு படம்தான் இருந்தது. இரண்டாவது பாகம் 2022 டிசம்பரில்தான் வந்தது. அதாவது லேண்ட் திறந்து ஐந்து வருடத்துக்கு மேல், எட்டு வருடப் பழைய ஒற்றைப் படத்தை வைத்துக்கொண்டு அது நின்றது. ஒரு படத்தை நம்பி லேண்ட் கட்டலாமா என்ற கேள்விக்கு இதைவிடத் தெளிவான சோதனை கிடைக்காது. பாடத்தில் இதை எடுத்ததே அதனால்தான்.

“அந்தப் படத்து ஹீரோட பேர் கூட ஒருத்தருக்கும் ஞாபகமில்லை. பிறகு ஏன் சனம் போகுது?”

எனக்கு மிகப் பிடித்த கேள்வி இது. அந்த அறிவிப்பு வந்தபோது அமெரிக்காவிலும் பலர் இதையேதான் சொன்னார்கள். படத்திலிருந்து ஒரு வசனம் சொல்லச் சொன்னால் யாராலும் முடியாது, பொம்மை வாங்குவாரில்லை, அந்த உடுப்புப் போட்டுத் திரிவாரில்லை, ஆகவே லேண்ட் படுத்துவிடும் என்றார்கள். அவர்கள் சொன்ன முதல் பாதியில் நிறைய உண்மை இருந்தது.

ஆனால் வகுப்பில் நான் திருப்பிக் கேட்பேன்: பேரை விடுங்கள், படத்தில் என்ன ஞாபகம் இருக்கிறது? உடனே கை உயரும். ஆகாயத்தில் மிதக்கும் மலை. இரவில் ஒளி விடும் செடி. பறக்கும் மிருகத்தின் முதுகில் ஏறிப் போவது. ஒருவரும் கதையைச் சொல்லமாட்டார்கள். எல்லாரும் இடத்தைத்தான் சொல்வார்கள். கட்டியவர்கள் பிடித்துக்கொண்டதும் அதைத்தான். அனிமல் கிங்டத்தையே வடிவமைத்த ஜோ ரோடி என்பவர்தான் இந்த வேலைக்கும் தலைமை தாங்கினார். படத்தின் கதை முடிந்து நீண்ட காலத்துக்குப் பிறகு நடப்பதாக வைத்ததால் ஹீரோவும் இல்லை, வில்லனும் இல்லை. சுரங்கம் தோண்டிக் கெடுத்த நிலம் மெல்ல மீண்டு வருகிறது, அதைப் பார்க்க வந்த சுற்றுலாப் பயணி நீங்கள். அவ்வளவுதான் கதை. படத்தைப் பார்க்காதவரும் அடுத்த நிமிடமே அந்தப் பாத்திரத்துக்குள் போய்விடலாம், ஏனென்றால் அவர் உண்மையிலேயே சுற்றுலாப் பயணிதான்.

பறக்கும் ரைட்டில் மோட்டார் சைக்கிள் மாதிரியான ஆசனத்தில் கால் போட்டு உட்கார வேண்டும். முன்னால் பிரமாண்டமான திரை, முகத்தில் காற்று, கொஞ்சம் தண்ணீர்த் தூறல், காட்டு வாசம். கால்களுக்கு நடுவே ஆசனம் மெல்ல விரிந்து சுருங்கும். அது அந்த மிருகம் மூச்சு விடுவது. பல பேர் வெளியே வந்து முதலில் பேசுவது அந்த மூச்சைப் பற்றித்தான். அந்தச் சின்ன விடயத்தை யோசித்தவரை நான் மனதார மதிக்கிறேன்.

“ஓடினது எண்டு சும்மா சொல்லேலாது. கணக்கு இருக்கா?”

இருக்கிறது. டிஸ்னி தன் பார்க்குகளின் வருகைக் கணக்கை வெளியிடுவதில்லை. தீம் பார்க் துறைக்கான சங்கம் ஒன்று ஆண்டுதோறும் மதிப்பீடு வெளியிடும். அதன்படி அனிமல் கிங்டத்துக்கு 2016இல் சுமார் 108 லட்சம் பேர் வந்தார்கள். பண்டோரா திறந்த 2017இல் 125 லட்சம். 2018இல் 137 லட்சத்துக்கும் மேல்.

ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். முன்பு அந்தப் பார்க் மாலையோடு ஓய்ந்துவிடும் இடம். 2017இல் இரவுக் காட்சி ஒன்றையும் தொடங்கி, மூடும் நேரத்தைப் பின்தள்ளினார்கள். கூடின கூட்டம் எல்லாம் அவதாருக்கே என்று எழுதினால் அது பிழை. ஆனால் இரவில் ஒளிரும் காடு இல்லாமல் அந்த இரவுத் திட்டம் இவ்வளவு எடுபட்டிருக்காது என்றே நினைக்கிறேன்.

“புதுசா எதைத் திறந்தாலும் சனம் வரும்தானே?”

முதல் வருடம் வரும். அதனால்தான் மேலே இரண்டாவது வருடக் கணக்கையும் தந்தேன். 2018இல் கூட்டம் குறையவில்லை, கூடியது. அதற்குப் பிறகும் அந்தப் பறக்கும் ரைட்டுக்கு அந்தப் பார்க்கிலேயே நீளமான கியூ நிற்பது வழக்கமாகிவிட்டது.

“ஹாரி பொட்டரை விட்டுட்டு அவதாரைப் பிடிச்சுத் தொங்குறீங்களே?”

விடவில்லை. இந்த ஓட்டத்தைத் தொடக்கி வைத்ததே ஹாரி பொட்டர்தான். ஒர்லாண்டோவில் யுனிவர்சல் கம்பனியின் ஐலண்ட்ஸ் ஒஃப் அட்வென்ச்சர் பார்க்குக்கு 2009இல் சுமார் 46 லட்சம் பேர் வந்தார்கள். 2010 ஜூனில் ஹாரி பொட்டர் பகுதி திறந்தது. 2011இல் 76 லட்சம். பக்கத்தில் இருந்த டிஸ்னி அதைப் பார்த்துக்கொண்டா இருக்கும்? ஹாரி பொட்டர் பகுதி திறந்த அடுத்த வருடமே அவதார் ஒப்பந்தம் வந்தது தற்செயல் என்று நான் நம்பவில்லை.

அங்கே சனத்தை இழுத்ததில் ரைட்டுக்குச் சமமாகக் கடைக்கும் பங்கு உண்டு. கதையில் பிள்ளைகள் குடிக்கும் பட்டர்பியர் அங்கே கோப்பையில் கிடைக்கும். மந்திரக்கோல் வாங்கலாம், 2014இல் திறந்த இரண்டாம் பகுதியிலிருந்து அந்தக் கோலைக் கண்ணாடி ஜன்னலுக்கு முன்னால் அசைத்தால் உள்ளே பொருட்கள் ஆடும். அந்த இரண்டாம் பகுதியைப் பக்கத்துப் பார்க்கில் கட்டி, இரண்டுக்கும் நடுவே கதையில் வரும் ரயிலை விட்டார்கள். ரயிலில் ஏற இரண்டு பார்க்குக்கும் டிக்கெட் வேண்டும். வியாபாரம் படிப்பவர்கள் இந்த ஒரு ரயிலைப் பற்றியே ஒரு கட்டுரை எழுதலாம்.

“ஸ்டார் வோர்ஸ் எவ்வளவு பெரிய படம், அது ஏன் சொதப்பினது?”

சொதப்பியது என்று சொல்லமாட்டேன், எதிர்பார்த்தது போல் எழும்பவில்லை. டிஸ்னியின் ஸ்டார் வோர்ஸ் லேண்டை 14 ஏக்கரில் 2019 மே மாதம் கலிபோர்னியாவிலும் ஓகஸ்டில் புளோரிடாவிலும் திறந்தார்கள். கூட்டத்தைக் கட்டுப்படுத்த முன்பதிவு எல்லாம் வைத்தார்கள். நெரிசலுக்குப் பயந்தே பலர் வராமல் விட்டார்கள். பெரிய ரைட் அந்த வருடக் கடைசியில்தான் புளோரிடாவில் தயாரானது. கலிபோர்னியா டிஸ்னிலேண்டின் அந்த ஆண்டு மதிப்பீடு முந்திய ஆண்டு அளவிலேயே நின்றது.

அதைவிட ஆழமான காரணம் ஒன்று உண்டு. படத்தில் வராத புதுக் கிரகம் ஒன்றைக் கற்பனை செய்து கட்டினார்கள். காலமும் புதிய படங்களின் காலம். ஆகவே டார்த் வேடரோ லூக்கோ அங்கே நடமாட முடியாது. பண்டோராவும் பழைய பாத்திரங்களை விட்டதுதானே, அது மட்டும் எப்படி வென்றது என்று ஒரு மாணவி மடக்கினார். நல்ல மடக்கு. அவதாரில் சனம் நேசித்தது இடத்தை. ஆளைத் தூக்கினால் நட்டமில்லை. ஸ்டார் வோர்ஸில் சனம் நாற்பது வருடமாக நேசித்தது ஆட்களை. அவர்களை எடுத்துவிட்டு இடத்தை மட்டும் கொடுத்தால், எவ்வளவு அழகாகக் கட்டினாலும் தேடி வந்தவர் சுற்றுமுற்றும் பார்ப்பார். கலிபோர்னியாவில் பழைய பாத்திரங்களைக் கொண்டுவரப் போவதாக 2025இல் டிஸ்னியே அறிவித்தது.

“அதில ஒரு ஹோட்டல் மூடினாங்களாமே? எங்களுக்கு அதைச் சொல்லுங்க.”

புளோரிடாவில், விண்கலத்துக்குள் தங்குவது போல 100 அறைகளுடன் 2022 மார்ச்சில் திறந்தார்கள். இரண்டு இரவு தங்கி நாடகத்தில் நாமும் ஒரு பாத்திரமாகலாம். போனவர்களில் பலர் உருகி உருகிப் பேசினார்கள், நடிகர்களும் உழைத்தார்கள். ஆனால் இருவருக்குக் கிட்டத்தட்ட 5000 டொலர். அவ்வளவு கொடுத்து இரண்டாம் முறை வருபவர் எத்தனை பேர்? 2023 செப்டெம்பரில் மூடிவிட்டார்கள். விருந்தினர் புகழ்வதும் அறை நிரம்புவதும் வேறு வேறு என்று ஹோட்டல் வேலைக்குப் போகும் நீங்கள் குறித்துக்கொள்ளுங்கள்.

“ஓடாத படத்துக்கு ஆராவது இப்படிக் கட்டுவாங்களா?”

கட்டியிருக்கிறார்கள்! வோட்டர்வேர்ல்ட் என்ற படம் 1995இல் வந்தது. சுமார் 17.5 கோடி டொலர் செலவு. அதுவரை எடுத்ததிலேயே விலை கூடிய படம் என்று பேசப்பட்டது. எதிர்பார்த்த வசூல் வரவில்லை. அதே வருடம் யுனிவர்சல் ஹொலிவூட்டில் அந்தப் படத்தை வைத்துத் தண்ணீர்ச் சண்டைக் காட்சி ஒன்றைத் தொடங்கினார்கள். முப்பது வருடம் தாண்டியும் அது நடக்கிறது. படம் வந்து பதினைந்து வருடத்துக்குப் பிறகு திறந்த சிங்கப்பூர் பார்க்கிலும் அதே காட்சியை வைத்தார்கள். படகு பாயும், நெருப்பு எழும்பும், விமானம் ஒன்று மதிலைத் தாண்டி வந்து விழும். இதை ரசிக்கப் படம் பார்த்திருக்கத் தேவையில்லை.

“அடுத்தடுத்த பாகம் வராட்டி அந்த இடம் செத்துப்போகும்தானே?”

புதிய பாகம் வந்தால் நல்லதுதான், விளம்பரம் இலவசமாகக் கிடைக்கும். ஆனால் வராவிட்டால் சாகும் என்றில்லை. இதற்கு வினோதமான சாட்சி ஸ்ப்ளாஷ் மவுண்டன் என்ற ரைட். அது 1946இல் வந்த ஒரு டிஸ்னி படத்திலிருந்து எடுத்தது. கறுப்பின மக்களைக் காட்டிய விதத்துக்காக அந்தப் படம் கடுமையாகக் கண்டிக்கப்பட்டது. 1986க்குப் பிறகு அமெரிக்கத் திரையரங்குகளுக்கு வரவேயில்லை, வீட்டு வீடியோவாகவும் அங்கே விற்கவில்லை. ரைட் திறந்தது 1989இல். யாருமே பார்க்க முடியாத ஒரு படத்தின் ரைட், அமெரிக்காவில் 2023 வரை கியூவோடு ஓடியது. கடைசியில் அதை மாற்றியது கூட்டம் குறைந்ததால் அல்ல, அந்தப் படத்தோடு இருந்த தொடர்பு இனியும் சரிவராது என்பதால். மாற்றியது நியாயம் என்பதே என் கருத்து.

வழமையாக ஒரு ரைட்டின் முடிவு வேறு விதமாக வரும். ஒர்லாண்டோ யுனிவர்சலில் சுறாப் படத்தின் படகு ரைட்டை 2012இல் மூடினார்கள். படம் மறந்துபோகவில்லை. தண்ணீரில் ஓடும் இயந்திரத்தைப் பராமரிப்பது செலவு, இடமும் பெரிது. மேலே சொன்ன ஹாரி பொட்டர் இரண்டாம் பகுதி அந்த இடத்தில்தான் எழும்பியது.

“படம் அவ்வளவு முக்கியமில்லை எண்டா, ஏன் உரிமைக்காகக் கோடிக்கணக்கில காசு குடுக்கிறாங்க?”

படம் முக்கியமில்லை என்று நான் சொல்லவில்லை. முதல் தடவை ஆளைக் கூட்டி வருவது படம்தான். விமான டிக்கெட் எடுத்து, பிள்ளைகளோடு கடல் தாண்டிப் போகிற குடும்பத்துக்கு “அவதார்” என்ற ஒரு சொல் போதும், விளக்கம் தேவையில்லை. கடன் கொடுக்கிற வங்கிக்கும் அப்படித்தான்.

படமே இல்லாமல் வென்றவையும் உண்டு. கரீபியன் கடற்கொள்ளையர் ரைட் 1967இல் வந்தது. படம் 2003இல்தான், அதுவும் ரைட்டிலிருந்து பிறந்தது. அதே அனிமல் கிங்டத்தில் 2006இல் திறந்த எவரெஸ்ட் ரைட்டுக்கு எந்தப் படமும் இல்லை. ஆனால் அப்படி ஒன்றை ஆரம்பத்திலிருந்து நம்பவைக்க நல்ல மூளையும் நிறைய நாளும் வேண்டும். இன்றைய முதலாளிகளுக்கு அந்தப் பொறுமை குறைந்துவிட்டது, அதில் எனக்கு வருத்தம்தான்.

“அப்ப எந்தப் படம் லேண்டுக்குத் தாங்கும் எண்டு முதலே எப்படிக் கண்டுபிடிக்கிறது?”

படத்தைப் பார்த்தவரிடம் கதையைக் கேட்காதீர்கள். அந்த உலகத்தில் எங்கே போய் நிற்க ஆசை என்று கேளுங்கள். அங்கே என்ன சாப்பிடுவாய், கையில் என்ன வைத்திருப்பாய், என்ன செய்வாய் என்று கேளுங்கள். ஹாரி பொட்டரை வாசித்த பிள்ளை நான்குக்கும் மூச்சு விடாமல் பதில் சொல்லும். அவதார் பார்த்தவர் முதலாவதுக்கும் கடைசிக்கும் சொல்வார். அங்கே என்ன சாப்பாடு என்பதை லேண்டைக் கட்டியவர்கள் தாங்களாகவே கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. வெறும் சண்டையும் பழிவாங்கலுமாக ஓடுகிற படத்தில் முதல் கேள்விக்கே ஆள் திணறுவார்.

“எங்கட தமிழ்ப் படங்களுக்கு இது சரிவராதா?”

பெரும்பாலான வெற்றிப் படங்களில் சனம் பார்க்கப் போவது ஹீரோவை. அவர் இல்லாத இடத்தில் என்ன செய்வது? ஸ்டார் வோர்ஸ் பற்றிய பதிலை இங்கே திரும்பப் படியுங்கள். ஹைதராபாத் ராமோஜி ஃபிலிம் சிட்டியில் பாகுபலி செட்டைச் சுற்றிக் காட்டுகிறார்கள். சிலை பெரிது, படம் எடுத்துக்கொள்ள அழகு. ஆனால் செட் என்பது பார்க்க மட்டும், லேண்ட் என்பது இருக்க, சாப்பிட, விளையாட.

பொன்னியின் செல்வனுக்கு இந்த வலு உண்டு என்று நான் உறுதியாக நம்புகிறேன். படம் 2022, 2023இல் வந்தாலும், அதற்கு எத்தனையோ வருடம் முன்பே வீராணம் ஏரிக்கும் கோடிக்கரைக்கும் கதையைக் கையில் பிடித்துக்கொண்டு போனவர்கள் இருக்கிறார்கள். படகில் ஏறி ஈழத்துக்கு வருவது கதையிலேயே இருக்கிறது.

“திருகோணமலையில ஒண்டு கட்டினா என்ன? கடல் இருக்கு, காணி இருக்கு.”

வேண்டாம். கணக்கைப் பாருங்கள்: 2018இல் இலங்கை முழுவதற்கும் வந்த வெளிநாட்டுப் பயணிகள் சுமார் 23 லட்சம் பேர். அதே வருடம் அனிமல் கிங்டம் என்ற ஒரு பார்க்குக்கு வந்தவர்கள் 137 லட்சம். நம் மாவட்டத்தின் சனத்தொகை 2012 கணக்கெடுப்பில் நான்கு லட்சத்துக்கும் குறைவு. ஒக்டோபரிலிருந்து மாரி தொடங்கினால் நிலாவெளியில் ஹோட்டல்களே ஓய்ந்து கிடக்கும். ஏப்ரலிலிருந்து செப்டெம்பர் வரை உழைத்து வருடம் முழுக்க அந்த இயந்திரங்களைப் பராமரிக்க முடியாது.

ஆனால் இடம் ஒன்றைக் கதையோடு காட்டும் வேலையை இங்கேயே செய்யலாம். பிரட்ரிக் கோட்டை வாசலில் நுழைந்து, மான்களைக் கடந்து, கோணேஸ்வரத்துக்கு ஏறி, இராவணன் வெட்டின் ஓரத்தில் நின்று கடலைப் பார்க்கிறவருக்கு அந்தக் கதையைச் சொல்ல அங்கே ஒரு நல்ல வழிகாட்டி வேண்டும். கன்னியாவின் ஏழு கிணறுகளுக்கும் இராவணன் தாய்க்குச் செய்த கிரியைக்கும் உள்ள தொடர்பை வெளியூர்ப் பயணி ஏன் இணையத்தில் தேடிப் படிக்க வேண்டும்? நிழலும் சுத்தமான கழிப்பறையும் மும்மொழியில் கதை சொல்லத் தெரிந்த பிள்ளைகளும் இருந்தால் போதும். புறா தீவில் பவளப்பாறையை மிதித்து நாசமாக்காமல் பார்த்துக்கொண்டால் இன்னும் நல்லது. பண்டோராவில் செயற்கையாகச் செய்து காட்டுவது கெட்ட நிலம் மீள்வதை. நம்மிடம் இன்னும் கெடாத நிலமே கொஞ்சம் இருக்கிறது.

“அபுதாபியில டிஸ்னி வருதாமே, எங்களுக்கு வேலை கிடைக்குமா?”

2025 மே மாதம் அறிவித்தார்கள். யாஸ் தீவில் மிரால் என்ற கம்பனி கட்டி நடத்தும். டிஸ்னி வடிவமைப்பையும் பெயரையும் கொடுத்து உரிமைப் பணம் வாங்கும். அந்தத் தீவில் 2010இலிருந்து ஃபெராரி வேர்ல்டும் 2018இலிருந்து வார்னர் பிரதர்ஸ் வேர்ல்டும் இருக்கின்றன. இரண்டாவது முழுவதும் கூரைக்குள். அந்த வெயிலுக்கு அதுதான் சரி.

வளைகுடாவில் எல்லாம் வெல்லும் என்று நினைக்காதீர்கள். துபாயில் மோஷன்கேட் என்ற பார்க் 2016 டிசம்பரில் திறந்தது. ஹங்கர் கேம்ஸ் படங்களுக்குத் தனிப் பகுதியே அங்கே உண்டு. அதை நடத்திய குழுமம் பெரும் நட்டப்பட்டு, அடுத்துக் கட்டவிருந்த இன்னொரு பார்க்கை 2019இல் கைவிட்டது. ஒருவரை ஒருவர் கொல்லும் போட்டி நடக்கும் உலகத்தில் போய் நிற்க எந்தக் குடும்பம் ஆசைப்படும்? மூன்று பதிலுக்கு முன்னால் சொன்ன அந்த முதல் கேள்வியிலேயே அது விழுந்துவிடுகிறது.

வேலை விடயத்துக்கு வந்தால், ஆங்கிலத்தோடு கொஞ்சம் அரபும் சேர்த்துப் படியுங்கள். அங்கே தேவைப்படுவது ரைட் ஓட்டுபவர்கள் மட்டுமில்லை, சமையல், அறைப் பராமரிப்பு, முன்மேசை எல்லாவற்றுக்கும் ஆள் வேண்டும். நீங்கள் இப்போது பழகுவது அதே வேலைதான். பார்க் திறக்கச் சில வருடம் ஆகும். அதற்குள் “டிஸ்னி வேலை” என்று சொல்லி முற்பணம் கேட்டு யாராவது வந்தால் ஒரு சதமும் கொடுக்காமல், வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் அந்த முகவரின் அனுமதிப் பத்திரத்தை முதலில் விசாரியுங்கள்.